மிஸி அம்மாவைக் கேளுங்கள்: மேசையில் ஒதுக்கி வைத்த கருவி

கேள்வி: வணக்கம் மிஸி அம்மா. என் அப்பாவுக்கு 71 வயது. ரப்பர்த் தோட்டத்தில் நாற்பது வருஷம் பால்மரம் வெட்டினவர். இனிப்பு நீர் (நீரிழிவு) இருபது வருஷமாக இருக்கிறது. இரண்டு மாதத்துக்கு முன் நெஞ்சுவலி வந்து, இங்கிருந்து ஈப்போவுக்கும் அங்கிருந்து கோலாலம்பூரில் ஒரு பெரிய மருத்துவமனைக்கும் அனுப்பினார்கள். இதய ரத்தக்குழாயில் சுண்ணாம்பு கல் மாதிரி படிந்திருக்கிறது, பலூன் நுழையவே இல்லை, வைரம் பதித்த கருவியால் தேய்த்துத்தான் வழி விட வேண்டும் என்றார்கள். அப்பா விழித்தபடிதான் படுத்திருந்தாராம். கருவியை உள்ளே விடுவதற்கு முன் வெளியே வைத்து ஓட்டிப் பார்த்தார்களாம். பல் டாக்டர் மிஷின் மாதிரி சத்தம். திடீரென்று டாக்டர் மலாயில், "வாயார் பூசிங், தா போலே, புக்கா லாயின்" என்றிருக்கிறார். ஒயர் சுற்றுகிறது, இது ஆகாது, வேறொன்றைத் திற என்று அப்பாவுக்கு நன்றாகப் புரிந்துவிட்டது. புதிதாக ஒன்றைப் பிரித்து, அதையும் ஓட்டிப் பார்த்து, பிறகுதான் உள்ளே விட்டார்கள். அப்பா நலமாக வீடு திரும்பிவிட்டார். ஆனால் அண்ணன் கொதிக்கிறார். கெட்டுப்போன சாமானை வைத்துக்கொண்டு ஆபரேஷனா, புகார் எழுதுகிறேன் என்கிறார். அப்பாவும் ராத்திரியில் உட்கார்ந்துகொண்டு, "நம்ம மேலயா சோதிச்சுப் பாத்தாங்க" என்று கேட்கிறார். என்ன பதில் சொல்வது?
ஒரு மகள், சுங்கை சிப்புட்

பதில்: நம்ம ஊர்ப் பிள்ளையா! அம்மா, அண்ணன் பேனாவை எடுப்பதற்கு முன் இதை அவருக்குப் படித்துக் காட்டு. அப்பாவுக்கும் பக்கத்தில் உட்கார்ந்து படித்துச் சொல்.

அப்பாவின் உடம்பில் யாரும் எதையும் சோதிக்கவில்லை. உடம்புக்கு வெளியே, மேசைமேல் சோதித்தார்கள். அங்கே ஒரு குறை தெரிந்தது. குறை தெரிந்த கருவியை ஒதுக்கிவிட்டு வேறொன்றை எடுத்தார்கள். பதினேழு வருஷம் கேத் லேப்பில், அதாவது குழாய் விட்டு இதய அடைப்பை நீக்குகிற அறையில், மிஸியாக (தாதியாக) நின்றவள் நான். அன்றைக்கு அந்த அறையில் நடந்த எல்லாவற்றிலும் என் மனசு நிறைந்த காரியம் அதுதான்.

என் அம்மா இதே ஊர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் மருந்தடிக்கிற வேலை செய்தவர். விடியற்காலைப் பெரட்டு (ஆள் கணக்கெடுப்பு) முடிந்ததும் ஸ்டோரில் முதுகுப் பம்பைக் கொடுப்பார்கள். மற்றவர்கள் நேராக மருந்தைக் கலந்து ஊற்றிக்கொண்டு கிளம்புவார்கள். அம்மா முதலில் வெறும் தண்ணீரை ஊற்றுவார். கைப்பிடியை நாலு தடவை அடித்து, முனையில் தண்ணீர் விசிறி மாதிரி ஒரே சீராக வருகிறதா, தோள் பட்டைக்குக் கீழே வாஷர் கசிகிறதா என்று பார்ப்பார். கசிந்தால் அந்தப் பம்பைத் தரையில் வைத்துவிட்டு வேறு பம்பு கேட்பார். மண்டோர் (கங்காணி) சத்தம் போடுவார். அம்மா காதில் வாங்க மாட்டார். பாராகுவாட் என்ற களைக்கொல்லி முதுகில் வழிந்து தோல் வெந்த பெண்களை நான் சிறுமியாகப் பார்த்திருக்கிறேன். என் அம்மா முதுகில் ஒரு தழும்பும் கிடையாது. (அந்த மருந்துக்கு நம் நாட்டில் 2020 ஜனவரி 1ஆம் தேதியிலிருந்து முழுத் தடை. அம்மா அதைப் பார்க்க இல்லை.) அம்மா தரையில் வைத்த பம்பைப் பார்த்து, இந்தத் தோட்டத்தில் பம்பெல்லாம் ஓட்டை என்று சொல்வதா, இந்த அம்மாள் பார்த்து எடுக்கிறவள் என்று சொல்வதா? அண்ணனிடம் கேள்.

இனி கருவியைப் பற்றிச் சொல்கிறேன். அதன் பெயர் ரோட்டாபிளேட்டர். நாங்கள் 'ரோட்டா' என்றுதான் சொல்வோம். டேவிட் ஆத் என்ற அமெரிக்கப் பொறியியலாளர் 1980களில் உருவாக்கியது. 1988இல் மனிதர்களின் இதய ரத்தக்குழாயில் முதலில் பயன்படுத்தினார்கள். 1993இல் அமெரிக்க அரசு அனுமதி கொடுத்தது. அதற்கு முன்பே, 1977 செப்டம்பரில், சூரிக் நகரத்தில் ஆண்ட்ரியாஸ் குருன்ட்ஸிக் என்ற டாக்டர் பலூன் வைத்து அடைப்பை விரித்துக் காட்டியிருந்தார். ஆனால் பலூன் மெத்தென்ற கொழுப்பைத்தான் ஒதுக்கும். அப்பாவுக்கு இருந்த மாதிரி கல்லாகிப்போன அடைப்பில் பலூன் நுழையாது, நுழைந்தாலும் விரியாது. விரியாத இடத்தில், குழாயைத் திறந்து வைக்கிற வலைக்குழலான ஸ்டென்டை வைத்தால் அது பாதி மடங்கின குடை மாதிரி நிற்கும். அதனால்தான் முதலில் தேய்க்கிறார்கள்.

நுனியில் ஒரு சின்னப் பித்தளைக் குமிழ். நெல்மணி மாதிரி வடிவம். குறுக்களவு 1.25 மில்லிமீட்டரிலிருந்து 2.5 மில்லிமீட்டர் வரை பல அளவுகளில் வரும். அதன் முன்பாதியில் கண்ணுக்குத் தெரியாத அளவு வைரத் துகள் பதித்திருக்கும். பின்பாதி வழவழப்பு. இது நிமிடத்துக்கு ஒன்றரை லட்சம் சுற்று சுற்றும். காரில் போகும்போது மீட்டரில் 3,000 காட்டினால் எஞ்சின் நொடிக்கு 50 தடவை சுற்றுகிறது. ரோட்டா நொடிக்கு 2,500 தடவை.

இவ்வளவு வேகத்தில் சுற்றுவது ரத்தக்குழாயையே அறுத்துவிடாதா என்று நானும் முதல் நாள் பயந்தேன். நகத்தை அரத்தால் தேய்க்கும்போது பார்த்திருப்பாய். நகம் தேயும். அரம் விரல் சதையில் பட்டால் சதை ஒதுங்கிக் கொடுக்கும். அதே கணக்குத்தான். கல்லானது தேயும், நெகிழ்வானது விலகும். உதிர்கிற தூளில் பெரும்பகுதி ரத்தச் சிவப்பணுவைவிடச் சின்னது. ரத்தத்தோடு போய்க் கல்லீரலிலும் மண்ணீரலிலும் அப்புறப்படும். இதில் ஆபத்தே இல்லை என்று சொல்ல மாட்டேன். ரத்தக்குழாய் கிழியலாம், ஓட்டம் மந்தமாகலாம், குமிழ் சிக்கிக்கொள்ளலாம். இதெல்லாம் அபூர்வம்தான், ஆனால் வந்தால் பெரிய விஷயம். அதனால்தான் உடம்புக்கு வெளியே அந்தச் சோதனை.

அதற்கு நாலு படி. கேத் லேப்பில் நாலு ஆங்கில எழுத்தாக மனப்பாடம் செய்து வைத்திருப்போம்: டி, ஆர், ஏ, டபிள்யூ. டிரிப், ரொட்டேஷன், அட்வான்சர், ஒயர். ஒவ்வொன்றையும் ஒருவர் வாய்விட்டுக் கேட்பார், இன்னொருவர் பார்த்துப் பதில் சொல்வார்.

டிரிப் என்றால் சொட்டு. கருவியின் குழாய் வழியாக சலைன் என்கிற உப்புத் தண்ணீர் அழுத்தத்தோடு போய் நுனியில் சொட்ட வேண்டும். உள்ளே சுற்றுகிற தண்டைக் குளிர வைப்பதும், உராயாமல் காப்பதும் அந்தத் தண்ணீர்தான். சொட்டு விழாமல் ரோட்டாவை ஓட்டவே கூடாது. வெளியிலும் கூடாது. அதனால்தான் அது முதல் படி. அடுத்து, டாக்டர் பெடலை மிதித்து ஓட்டுவார். புது மாதிரிகளில் பெடலுக்குப் பதில் கைப்பிடியிலேயே பொத்தான். கன்சோலில் வேகம் ஏறிக் குறிப்பிட்ட எண்ணில் நிலையாக நிற்கிறதா என்று பார்ப்போம். ரோட்டா ஓடுவது அழுத்தமான வாயுவில். அதனால் சிலிண்டரின் மீட்டரையும் பார்த்துக்கொள்வோம். அட்வான்சர் என்பது கையில் பிடிக்கிற பெட்டி. அதன் மேலுள்ள பிடியைத் தள்ளினால் நுனி முன்னே போக வேண்டும், இழுத்தால் பின்னே வர வேண்டும். இடையில் எங்கும் பிடிக்கக் கூடாது.

கடைசிப் படி ஒயர். உன் அப்பா காதில் விழுந்தது இந்தப் படிதான்.

வைரக் குமிழ் தன் இஷ்டத்துக்குப் போவதில்லை. மெல்லிய ஒயர் ஒன்றின் மேல்தான் ஓடுகிறது. பருமன் 0.23 மில்லிமீட்டர். மூன்று தலைமுடியைச் சேர்த்து முறுக்கினால் எவ்வளவோ அவ்வளவு. நீளம் மூன்று மீட்டருக்கும் மேல். அதன் ஒரு முனை அடைப்பையும் தாண்டி, இதயத்தின் கடைக்கோடிச் சின்ன ரத்தக்குழாயில் கிடக்கும். மறுமுனை கருவியின் பின்புறமாக வெளியே வந்து மேசையில் கிடக்கும். குமிழ் சுற்றும்போது ஒயர் அசையாமல் நிற்க வேண்டும். அதற்காக அட்வான்சருக்குள் ஒரு பிரேக் இருக்கிறது. சுற்றத் தொடங்கியதும் அது ஒயரைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும்.

அது பிடிக்கவில்லை என்று வைத்துக்கொள். ஒயரும் சேர்ந்து சுற்றும். மெல்லிய அந்த முனை கடைக்கோடி ரத்தக்குழாயைத் துளைக்கலாம். துளைத்தால் ரத்தம் கசிந்து இதயத்தைச் சுற்றியுள்ள பையில் சேரும். இதயம் விரிய இடமில்லாமல் நெருக்கும். இந்த நிலையை நான் பார்த்திருக்கிறேன். அப்போது அறையில் யாரும் பேச மாட்டார்கள், கைகள் மட்டும் ஓடும்.

சோதனையில் இதை எப்படிக் கண்டுபிடிப்பது? மேசைமேல் ஓட்டும்போது பின்னால் கிடக்கிற ஒயரின் வாலைப் பார்க்க வேண்டும். வால் அசையாமல் கிடந்தால் பிரேக் பிடிக்கிறது. வால் துடித்தால் பிடிக்கவில்லை. பார்க்கிற நேரம் இரண்டு மூன்று நொடி. உன் அப்பாவின் டாக்டர் அந்த இரண்டு மூன்று நொடியும் பார்த்தார். "வாயார் பூசிங்" என்று வாய்விட்டுச் சொன்னார். விலை உயர்ந்த கருவி, உறை பிரித்துவிட்டோம், பரவாயில்லை ஓட்டுவோம் என்று நினைக்கவில்லை. புதிதாக எடுத்ததையும் நம்பிவிடாமல் முதல் படியிலிருந்து திரும்பச் சோதித்தார். அதையும் அப்பாவே சொல்லியிருக்கிறார் பார்.

அண்ணனுக்கு இன்னமும் எழுத வேண்டும் என்றிருந்தால், எழுதட்டும். ஆனால் இரண்டு விஷயம் கேட்டு எழுதச் சொல். ஒன்று, ஒதுக்கிய கருவியின் தொகுதி எண்ணைக் குறித்து உற்பத்தியாளருக்குத் தெரிவித்தார்களா என்று. ஒரு பெட்டியில் ஒன்று பிடிக்கவில்லை என்றால் அதே தொகுதியில் இன்னொன்றும் அப்படி இருக்கலாம். அடுத்த ஊர் மருத்துவமனைக்கும் அது தெரிய வேண்டும். நம் நாட்டில் மருத்துவக் கருவிகளுக்கென்றே 2012இல் சட்டம் வந்தது, 737ஆவது சட்டம். ஆபத்தைப் பொறுத்துக் கருவிகளை ஏ, பி, சி, டி என்று நாலு வகுப்பாகப் பிரிக்கிறது. இதயத்துக்குள் போகிற இந்த மாதிரிக் கருவிகள் மிக உயர்ந்த டி வகுப்பு. இரண்டாவது, நீங்கள் பணம் கட்டியிருந்தால், பில்லில் ஒரு கருவிக்குப் போட்டிருக்கிறார்களா இரண்டுக்கா என்று. விவரமான பில் கேட்பது உங்கள் உரிமை. இந்த இரண்டும் நியாயமான கேள்வி. கெட்ட சாமானை வைத்து ஆபரேஷன் செய்தார்கள் என்பது நியாயம் இல்லை, ஏனென்றால் செய்யவில்லை.

அப்பாவிடம் இதைச் சொல்: ஐயா, நாற்பது வருஷம் உளியைக் கையில் எடுத்ததும் கூர் பார்க்காமல் மரத்தில் வைத்தீர்களா? கூர் மழுங்கின உளியை வைத்தால் பட்டை காயப்பட்டு மரம் கெட்டுவிடும் என்று உங்களுக்குத் தெரியும். அவர்களும் உங்களை அப்படித்தான் பார்த்துக்கொண்டார்கள்.

கேள்வி: என் பாட்டிக்கு 84 வயது. ஐம்பது வருஷமாக வெற்றிலை போடுகிறவர். இதய ரத்தக்குழாயில் சுண்ணாம்பு படிந்திருப்பதாக ஸ்கேனில் தெரிந்ததும், வீட்டில் எல்லோரும் சேர்ந்து அவருடைய வெற்றிலைப் பெட்டியை ஒளித்து வைத்துவிட்டோம். பாலும் நிறுத்திவிட்டோம். பாட்டி இரண்டு நாளாகப் பேசவில்லை. செய்தது சரியா?
ஒரு பேரன், பீடோர்

பதில்: தம்பி, பாலை இன்றைக்கே கொடுத்துவிடு. ரத்தக்குழாயில் படிவது வாய்வழியாகப் போகிற சுண்ணாம்பு இல்லை. பல வருஷமாகக் கொழுப்பு படிந்து, அந்த இடம் புண்ணாகி ஆறி, உடம்பே அங்கே கால்சியத்தைக் கொண்டுபோய் இறுக்குகிறது. வயது, இனிப்பு நீர், ரத்த அழுத்தம், புகை, சிறுநீரகக் கோளாறு ஆகியவைதான் அதற்குக் காரணம். டாக்டர்கள் தமிழில் சொல்வதற்காகச் 'சுண்ணாம்பு' என்கிறார்கள், நாம் வெற்றிலைப் பெட்டியைப் பார்க்கிறோம். இந்தக் குழப்பத்தை நான் வார்டில் எத்தனையோ தடவை தீர்த்து வைத்திருக்கிறேன்.

வெற்றிலைப் பெட்டி வேறு கதை. இதயத்துக்காக இல்லாவிட்டாலும் வாய்க்காக அதை விடுவது நல்லது. பாக்கு சேர்ந்த வெற்றிலை வாய்ப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது, புகையிலை சேர்க்காவிட்டாலும்கூட. ஆனால் 84 வயது மனுஷியிடம் பெட்டியை ஒளித்து வைக்கக் கூடாது. உட்கார்ந்து பேசு. வாயில் வெள்ளைத் திட்டோ ஆறாத புண்ணோ இருக்கிறதா என்று பல் கிளினிக்கில் ஒரு தடவை காட்டு. பாட்டி தானாகக் குறைத்துக்கொள்வார்.

கேள்வி: நான் தாதியர் பயிற்சி முடித்து ஒரு வருஷம் வார்டில் இருந்தேன். இப்போது கேத் லேப்புக்கு மாற்றியிருக்கிறார்கள். ரோட்டா கேஸ் என்றாலே கை நடுங்குகிறது. புத்தகத்தில் எல்லாம் இருக்கிறது, ஆனால் அங்கே நின்றால் மறந்துபோகிறது. எனக்கு என்ன சொல்வீர்கள்?
ஓர் இளம் தாதி, கோலகங்சார்

பதில்: மகளே, உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். நான் யாரிடமும் அதிகம் சொல்லாத ஒன்றை உனக்குச் சொல்கிறேன்.

நான் கேத் லேப்புக்குப் போய் ஒரு வருஷம்கூட ஆகவில்லை. எந்த மருத்துவமனை என்பது வேண்டாம். அன்றைக்கு நோயாளி ஒரு தோட்டத்துப் பெரியவர். முதல் நாள் இரவே பஸ் ஏறி வந்து, ராத்திரியிலிருந்து சாப்பிடாமல், காலையிலிருந்து கட்டிலில் காத்துக் கிடந்தவர். எங்களுக்கு அது நாலாவது கேஸ். நான் சலைன் பையை மாற்றினேன். மாற்றும்போது குழாயிலுள்ள ரோலரைச் சுருக்கி மூடினேன். புதுப் பையைத் தொங்கவிட்டு அழுத்தப் பட்டையைச் சுற்றினேன். ரோலரைத் திறக்கவில்லை.

டாக்டர் கருவியை ஒயரில் கோத்துக் கையில் பிடித்துக்கொண்டு "டிரிப்?" என்றார். நான் "ஓகே டாக்டர்" என்றேன். பார்க்காமலே சொன்னேன். அன்றைக்கு மூன்று தடவை பார்த்துச் சொன்ன வாய், நாலாவது தடவை பழக்கத்தில் சொல்லிவிட்டது.

அவர் பெடலில் காலை வைக்கவில்லை. கருவியின் நுனியைக் கிண்ணத்துக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். ஒரு சொட்டு விழவில்லை. அறையில் எல்லோரும் அந்த நுனியைப் பார்த்தார்கள். நான் ரோலரைப் பார்த்தேன். ரத்தமெல்லாம் முகத்துக்கு ஏறியது. கை ஓடிப்போய்த் திறந்தது. சொட்டு விழ ஆரம்பித்தது. அவர் சத்தம் போடவில்லை. "தெங்கோ டூலு, மிஸி. பாரு சாக்காப்" என்றார். முதலில் பார், அப்புறம் பேசு என்றார். அதோடு அடுத்த படிக்குப் போய்விட்டார்.

பெரியவருக்கு ஒன்றும் தெரியாது. ஸ்டென்ட் வைத்து மூன்றாம் நாள் வீட்டுக்குப் போனார். போகும்போது எனக்கு இரண்டு மாம்பழம் கொடுத்தார். அந்த மாம்பழத்தை நான் சாப்பிடவில்லை, முடியவில்லை.

பிழை என்னுடையது. அது கிண்ணத்தின் மேலேயே நின்றது, இதயம் வரை போகவில்லை. அந்தச் சோதனை யாருக்கோ எழுதி வைத்த சடங்கு என்று அதுவரை மனசுக்குள் நினைத்திருந்தேன். அது என்னை மாதிரி களைத்துப்போன, அவசரப்பட்ட, நல்லெண்ணமுள்ள ஆட்களுக்காகத்தான் இருக்கிறது என்று அன்றைக்குத் தெரிந்தது. அதற்குப் பிறகு, "டிரிப்?" என்று கேட்டால் நான் நுனியிலிருந்து சொட்டு விழுவதைக் கண்ணால் பார்க்கும் வரை வாயைத் திறந்ததில்லை. எத்தனை பெரிய டாக்டர் அவசரப்படுத்தினாலும்.

மறந்துபோகிறது என்றாய். மனப்பாடம் செய்யாதே, ஒவ்வொரு படிக்கும் கண் எங்கே போக வேண்டும் என்று மட்டும் வைத்துக்கொள். சொட்டுக்குக் கருவியின் நுனி. சுற்றுக்குக் கன்சோலின் எண். அட்வான்சருக்கு டாக்டரின் கட்டைவிரல். ஒயருக்குப் பின்னால் கிடக்கிற வால். கண் போனால் வாய் தானாகச் சரியாகப் பேசும். குமிழின் அளவை மாற்றினால் அது புதுக் கருவி. நாலு படியும் மறுபடி முதலிலிருந்து. அரை மணி நேரத்துக்கு முன்னால்தானே பார்த்தோம் என்று யார் சொன்னாலும் விடாதே.

உள்ளே ஓட ஆரம்பித்ததும் உன் வேலை நொடி எண்ணுவது. ஒவ்வொரு ஓட்டமும் பதினைந்து இருபது நொடிக்குள் முடிய வேண்டும். சத்தமாக எண்ணு. காதையும் தீட்டிக்கொள். ரோட்டா நன்றாக ஓடும்போது ஒரே ஸ்ருதியில் பாடும். கல்லில் அழுத்தமாக மோதினால் ஸ்ருதி இறங்கும். கன்சோலில் எண், ஓடிக்கொண்டிருந்த வேகத்திலிருந்து 5,000க்கு மேல் குறையக் கூடாது. இறங்கினால் சொல். டாக்டரின் கண் திரையில் இருக்கும், எண்ணைப் பார்க்கிற கண் உன்னுடையது. ஆறு மாதத்தில் எண்ணைப் பார்ப்பதற்கு முன்பே காது சொல்லிவிடும்.

சந்தேகம் வந்தால், "துங்கு செக்கெஜாப், டாக்டர்" என்று சொல். கொஞ்சம் பொறுங்கள் என்று. குரல் நடுங்கினால் நடுங்கட்டும், சொல்லிவிடு. நல்ல டாக்டர்கள் அந்தக் குரலுக்காகத்தான் காத்திருக்கிறார்கள். சிடுசிடுக்கிறவர்களும் பெடலிலிருந்து காலை எடுத்துவிடுவார்கள்.

கேள்வி: லோரி ஓட்டி ஓய்வு பெற்றவன், வயது 66. அடுத்த மாதம் எனக்கும் ரோட்டா செய்யத் தேதி கொடுத்திருக்கிறார்கள். மயக்க மருந்து கொடுப்பார்களா? கையிலா, தொடையிலா? ஒலி அலையால் கல்லை உடைக்கிற பலூன் வந்துவிட்டதாமே, அதைக் கேட்கலாமா? முன்கூட்டி நான் என்ன சொல்ல வேண்டும்?
ஒரு வாசகர், தாப்பா

பதில்: ஐயா, பெரும்பாலும் முழு மயக்கம் கிடையாது. ஊசி போடுகிற இடத்தை மரத்துப்போகச் செய்வார்கள், கொஞ்சம் தூக்கக் கலக்கம் வர மருந்து கொடுக்கலாம். சத்தம் கேட்கும். மேலே நான் அந்தப் பிள்ளைக்கு எழுதியதைப் படித்திருப்பீர்கள், உங்கள் காதில் விழுகிற முதல் சத்தம் சோதனைச் சத்தமாகத்தான் இருக்கும். கருவி இன்னும் உங்கள் உடம்பில் இல்லை என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

1.5 மில்லிமீட்டர் வரையிலான குமிழ் பொதுவாக மணிக்கட்டு வழியே போகும். பெரிய அளவு தேவைப்பட்டால் தொடைப் பக்கம் போவார்கள். வலது பக்க ரத்தக்குழாயில் தேய்க்கும்போது இதயத் துடிப்பு திடீரென்று குறையலாம். அதற்காகத் தற்காலிகமாக, துடிப்பைத் தூண்டுகிற ஒயர் ஒன்று வைக்கலாம். வைத்தால் பயப்படாதீர்கள். ஒலி அலை பலூனைப் பற்றித் தாராளமாகக் கேளுங்கள். ஆனால் அதுவும் பலூன்தான், கல் இருக்கிற இடத்துக்கு அது போய்ச் சேர வேண்டும். போகவே வழியில்லாத இடத்தில் முதலில் ரோட்டா, பிறகு அது என்று இரண்டையும் செய்வதும் உண்டு.

சொல்ல வேண்டியது: முட்டை ஒவ்வாமை இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள், ஆலிவ் எண்ணெய் ஒத்துக்கொள்ளாவிட்டாலும். சில இடங்களில் கருவி வழுக்கி ஓடுவதற்காகச் சலைனில் கலக்கிற திரவத்தில் அந்த இரண்டிலிருந்தும் எடுத்த பொருள் இருக்கிறது. யாரும் கேட்க மறந்தாலும் நீங்கள் மறக்காதீர்கள். இனிப்பு நீருக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறீர்களா, சிறுநீரகம் எப்படி, ரத்தம் உறையாமல் இருக்க என்ன மாத்திரை, கஷாயம், சூரணம் எல்லாவற்றையும் சொல்லுங்கள். பெயர் நினைவில்லை என்றால் பரவாயில்லை. வீட்டிலுள்ள மாத்திரைப் பையை அப்படியே தூக்கிக்கொண்டு போய் மிஸியிடம் கொடுங்கள்.

வீடு திரும்பிய பிறகு இரண்டு மாத்திரை கொடுப்பார்கள், ரத்தம் கட்டாமல் இருக்க. வழி திறந்தாச்சு, இனி எதற்கு மாத்திரை என்று நீங்களாக நிறுத்தாதீர்கள். ஸ்டென்டுக்குள் ரத்தம் கட்டினால் திரும்பவும் ஆம்புலன்ஸ்தான். வழக்கமாக ஆறு மாதம், மாரடைப்பு வந்தவர்களுக்கு ஒரு வருஷம். பல் பிடுங்க வேண்டும் என்றாலும் முதலில் இதய டாக்டரைக் கேளுங்கள். ஸ்டென்டுக்கு ஒரு அட்டை கொடுப்பார்கள், அதை அடையாள அட்டைக்குப் பின்னால் பர்ஸில் வையுங்கள். வீட்டு அலமாரியில் வைத்தால் தாப்பா ரோட்டில் மயங்கி விழும்போது யாருக்கும் தெரியாது.